கையெழுத்துப் போட்டு கவர்னரை இறக்குவது எப்படி? அமெரிக்க மாநிலங்களின் ‘ரீகால்’ விதிகள்

கலிபோர்னியாவில் பெரிய கடைகளின் வாசலில் மடக்கு மேஜை போட்டுக்கொண்டு சிலர் நிற்பதைப் பார்க்கலாம். கையில் கிளிப் வைத்த அட்டை, அதில் கோடு போட்ட நீளத்தாள், ஒரு பேனா. பால் கேனும் ரொட்டியுமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வருபவரிடம், “உங்களுக்கு இங்கே ஓட்டு இருக்கா? ஒரே ஒரு கையெழுத்து” என்பார்கள். ஒரே மேஜையில் நாலைந்து மனுக்கள் இருக்கும். கையெழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு நிற்பவர்களும் உண்டு; கொள்கைக்காக வெயிலில் நிற்பவர்களும் உண்டு.

அந்த மனுக்களில் ஒன்று, பதவியில் இருக்கும் ஒருவரை அவர் காலம் முடிவதற்கு முன்பே இறக்கச் சொல்வதாக இருக்கலாம். ஆங்கிலத்தில் அதற்கு ‘ரீகால்’ என்று பெயர். தமிழில் ‘திரும்ப அழைத்தல்’ என்று எழுதுகிறார்கள். தேர்ந்தெடுத்த மக்களே கையெழுத்துத் திரட்டி, “இவர் வேண்டுமா, வேண்டாமா?” என்று மறுபடியும் ஓட்டுக்கு விடுவதுதான் ரீகால். இந்தியாவில் எம்.எல்.ஏ.வையோ எம்.பி.யையோ இப்படி இறக்க வழியில்லை. ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவிலும் குடியரசுத் தலைவருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் ரீகால் கிடையாது. அது மாநிலங்களின் சமாச்சாரம். சுமார் 19 மாநிலங்கள் தங்கள் மாநிலப் பதவிகளுக்கு ரீகால் வைத்திருக்கின்றன. நகர மன்றம், பள்ளி வாரியம் போன்ற உள்ளூர்ப் பதவிகளுக்கு இன்னும் பல மாநிலங்களில் உண்டு.

போகும் முன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். கவர்னர் என்றதும் நமக்கு ராஜ்பவன்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் கவர்னர் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். நம் முதலமைச்சருக்கு இருக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு படித்தால் குழப்பம் வராது. இன்னொன்று, ரீகாலும் ‘இம்பீச்மென்ட்’டும் வேறு வேறு. இம்பீச்மென்டில் குற்றம் சாட்டுவதும் விசாரிப்பதும் தீர்ப்புச் சொல்வதும் சட்டமன்றம். ரீகாலில் தொடங்குவதும் முடிப்பதும் வாக்காளர்கள்.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் எத்தனை கையெழுத்து, எத்தனை நாளுக்குள், காரணம் சொல்ல வேண்டுமா, தேர்தல் தேதியை யார் குறிப்பது, இறங்கியவரின் நாற்காலியில் யார் உட்காருவது என்ற ஐந்தாறு விதிகள் உள்ளே இருக்கின்றன. மக்களின் கோபம் பலிக்குமா என்பதை முடிவு செய்வதில் கோபத்துக்கு இருக்கும் பங்கு இந்த விதிகளுக்கும் இருக்கிறது. அந்த விதிகளை மாற்றும் சாவியோ, பெரும்பாலும் யாரை இறக்கப் பார்க்கிறார்களோ அவர்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. இந்த விஷயத்தில் என் கவலையெல்லாம் அதைப் பற்றித்தான்.

எங்கிருந்து வந்தது?

1903இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் தன் நகராட்சி சாசனத்தில் ரீகாலைச் சேர்த்தது. மாநிலம் முழுவதற்குமாக முதலில் கொண்டுவந்தது ஆரிகன், 1908இல். கலிபோர்னியாவில் அப்போது சதர்ன் பசிபிக் ரயில்வே நிறுவனம் வைத்ததுதான் சட்டம் என்கிற நிலை. அந்த நிறுவனத்தின் பிடியை உடைப்பேன் என்று சொல்லிக் கவர்னரான ஹிராம் ஜான்சன், 1911 அக்டோபரில் ரீகாலை வாக்காளர்களின் ஒப்புதலுக்கு வைத்தார். மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். சட்டமன்றத்தை விலைக்கு வாங்கிவிடலாம், மாநிலம் முழுவதையும் வாங்க முடியாது என்பது அன்றைய நம்பிக்கை.

அதே வருடம் அரிசோனாவில் நடந்ததைக் கேளுங்கள். அது அப்போது மாநில அந்தஸ்துக்காகக் காத்திருந்த பிரதேசம். எழுதி அனுப்பிய அரசியல் சாசனத்தில் நீதிபதிகளையும் ரீகால் செய்யலாம் என்றிருந்தது. குடியரசுத் தலைவர் டாஃப்ட், நீதிபதியைக் கூட்டத்தின் கோபத்துக்கு இரையாக்கக் கூடாது என்று மறுத்துவிட்டார். அரிசோனாக்காரர்கள் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். 1912 பிப்ரவரி 14 அன்று மாநிலமானார்கள். அதே வருடம் நவம்பரில் தேர்தல் வைத்து, எடுத்த வரியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ரீகால் விதிகளை மாற்றும் விளையாட்டு அன்றே தொடங்கிவிட்டது.

எண்ணிக்கையும் நாட்களும்

கலிபோர்னியாவில் கவர்னரை இறக்க, கடந்த கவர்னர் தேர்தலில் பதிவான ஓட்டுகளில் 12 சதவீதம் அளவுக்குக் கையெழுத்து வேண்டும். சட்டமன்ற உறுப்பினர் என்றால் அவர் தொகுதியில் 20 சதவீதம். மாநிலப் பதவிகளுக்குக் கையெழுத்துத் திரட்ட 160 நாள் கிடைக்கும். எல்லாவற்றையும் ஒரே ஊரில் வாங்கிவிட முடியாது. கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. குறைந்தது ஐந்து கவுண்டிகளில், ஒவ்வொன்றிலும் அங்கே பதிவான ஓட்டில் 1 சதவீதமாவது தேற வேண்டும்.

விஸ்கான்சின் மாநிலத்தில் 25 சதவீதம், அதுவும் 60 நாளுக்குள். பதவியேற்று ஒரு வருடம் ஆகாதவரைத் தொடவும் முடியாது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2021இல் கலிபோர்னியாவுக்குத் தேவைப்பட்டது 14,95,709 கையெழுத்து. 160 நாளால் வகுத்தால் நாளுக்குச் சுமார் 9,350. விஸ்கான்சினில் 2012இல் ஸ்காட் வாக்கர் மீதான ரீகாலுக்குத் தேவைப்பட்டது 5,40,208. 60 நாளால் வகுத்தால் நாளுக்குச் சுமார் 9,000. நாள் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் கலிபோர்னியாவில் நாலு கோடிக்குக் கொஞ்சம் குறைவான மக்கள். விஸ்கான்சினில் அறுபது லட்சத்துக்கும் குறைவு. அப்படியானால் விஸ்கான்சினில் எவ்வளவு பேர் கொதித்துப்போய்க் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்! அரசு ஊழியர் சங்கங்களின் பேரம் பேசும் உரிமையை வாக்கர் 2011இல் வெட்டியதுதான் காரணம். ஒன்பது லட்சத்துக்கும் மேல் கையெழுத்து வந்தது. ஆனாலும் 2012 ஜூன் 5 அன்று நடந்த தேர்தலில் 53 சதவீதம் ஓட்டு வாங்கி வாக்கர் நாற்காலியிலேயே இருந்தார். ரீகால் தேர்தலைச் சந்தித்துத் தப்பிய முதல் கவர்னர் அவர்தான்.

நாட்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2020 ஒரு சாட்சி. கலிபோர்னியா கவர்னர் கேவின் நியூசம் மீதான மனுவுக்கு 2020 நவம்பர் 17 கடைசி நாள். கொரோனா காலம், கடை வாசலில் நின்று யாரிடம் பேனாவை நீட்டுவது? நீதிமன்றம் போனார்கள். நீதிபதி 120 நாள் கூடுதலாகக் கொடுத்தார். 160 நாள் 280 நாளானது. அதே நவம்பரில், கூட்டம் கூடாதீர்கள் என்று மக்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த நியூசம், நாபா பள்ளத்தாக்கில் ஓர் உயர்தர உணவகத்தில் பிறந்தநாள் விருந்தில் உட்கார்ந்திருந்த படம் வெளியானது. கையெழுத்துகள் குவிந்தன. 17 லட்சத்துக்கும் மேல் செல்லும் என்று தேறியது. அந்த 120 நாள் கிடைத்திருக்காவிட்டால் தேர்தலே வந்திருக்காது என்பது என் கணிப்பு.

காரணம் வேண்டுமா?

கலிபோர்னியாவில் மனுவில் 200 சொல்லுக்குள் காரணம் எழுத வேண்டும். ஆனால் அது சரியான காரணமா, உண்மையா என்று எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை. “எனக்கு இவரைப் பிடிக்கவில்லை” என்பதே போதும்.

வாஷிங்டன் மாநிலம் அப்படி விடுவதில்லை. அங்கே பதவியைத் தவறாகப் பயன்படுத்தினார், உறுதிமொழியை மீறினார் என்ற குற்றச்சாட்டு வேண்டும். அதை முதலில் நீதிமன்றம் பார்க்கும். குற்றம் உண்மையா என்று நீதிபதி தீர்ப்புச் சொல்வதில்லை. உண்மை என்றே வைத்துக்கொண்டால் அது ஒருவரை இறக்கப் போதுமான தவறா என்று மட்டும் சொல்வார். உண்மையா பொய்யா என்பது மக்களின் வேலை.

இந்த வழியாக வந்த ஒரு வழக்கில் தமிழர் ஒருவரின் பெயர் இருக்கிறது. சியாட்டில் நகர மன்ற உறுப்பினர் க்ஷமா சாவந்த், புனேயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மும்பையில் வளர்ந்தவர், சோஷலிஸ்ட். 2020 ஜூனில் போராட்டக்காரர்களுக்கு நகர மன்றக் கட்டடத்தைத் திறந்துவிட்டார், மேயர் வீட்டுக்கு ஊர்வலம் போனார், அலுவலகச் செலவில் ஒரு வரி இயக்கத்துக்கு ஆதரவு திரட்டினார் என்று குற்றச்சாட்டுகள். மாநில உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் அவற்றை அனுமதித்தது. அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கையெழுத்துத் திரட்டுபவர்கள் இழுத்தடித்தால் தேர்தல் நவம்பர் பொதுத் தேர்தலோடு வராமல் குளிர்காலத்தில் தனியாக வரும். தனித் தேர்தலில் வாடகை வீட்டு இளைஞர்களும் மாணவர்களும் ஓட்டுப் போட வருவது குறைவு. அவர்கள்தான் சாவந்தின் பலம். அதனால் சாவந்தின் ஆட்களே அவரை இறக்கும் மனுவுக்குக் கையெழுத்து வாங்கக் கிளம்பினார்கள். சாவந்த் தன்னை இறக்கச் சொல்லும் மனுவில் தானே கையெழுத்துப் போட்டார்! தேதி அவ்வளவு பெரிய விஷயம். அப்படியும் நவம்பர் கைக்கு வரவில்லை. 2021 டிசம்பர் 7 அன்றுதான் தேர்தல் நடந்தது. சுமார் 41,000 ஓட்டில் 310 ஓட்டு வித்தியாசத்தில் தப்பினார்.

ஒரு சீட்டில் இரண்டு கேள்வி

கலிபோர்னியாவின் ரீகால் வாக்குச்சீட்டை விரித்துப் பார்த்தால்தான் அதன் விசித்திரம் புரியும். முதல் கேள்வி, இன்னாரைப் பதவியிலிருந்து நீக்கலாமா? ஆம், இல்லை. இரண்டாவது கேள்வி, நீக்கப்பட்டால் அந்த இடத்துக்கு யார்? அதன் கீழே நீளமான பெயர்ப் பட்டியல். முதல் கேள்விக்கு ‘இல்லை’ போட்டவரும் இரண்டாவதற்குப் பதில் சொல்லலாம். யாரை இறக்கப் பார்க்கிறார்களோ அவர் பெயர் மட்டும் இரண்டாவது பட்டியலில் இருக்க முடியாது.

நூறு பேர் உள்ள ஒரு தெருவில் இதை நடத்துவோம். முதல் கேள்விக்கு 51 பேர் ‘நீக்கு’, 49 பேர் ‘வேண்டாம், இருக்கட்டும்’. ஆள் போய்விட்டார். இரண்டாவது கேள்வியில் பத்து பேர் போட்டியிட்டு ஓட்டு சிதறி, முதலிடம் வந்தவருக்கு 20 ஓட்டு. அவர்தான் புதிய தலைவர். 49 பேர் வேண்டும் என்ற ஆள் வெளியே, 20 பேர் வேண்டும் என்ற ஆள் உள்ளே. பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை, இரண்டாம் சுற்றும் இல்லை.

2003இல் இது பிரச்சினையாக வெடிக்கவில்லை. கிரே டேவிஸ் 2002 நவம்பரில்தான் மறுபடி கவர்னராகியிருந்தார். மின்வெட்டு, பட்ஜெட் பற்றாக்குறை, கார் உரிமக் கட்டண உயர்வு எல்லாம் சேர்ந்து மக்கள் கடுப்பில் இருந்தார்கள். டேரல் ஐசா என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கையெழுத்துத் திரட்டச் சொந்தப் பணத்தை இறைத்தார். தேவைப்பட்டது 8,97,158, வந்தது 13 லட்சத்துக்கும் மேல். போட்டியிட 65 கையெழுத்தும் 3,500 டாலரும் போதும் என்பதால் 135 பேர் களத்தில் குதித்தார்கள். அவர்களில் ஒருவர் நடிகர் அர்னால்டு ஸ்வார்ஸநெகர். 2003 அக்டோபர் 7 அன்று 55 சதவீதம் பேர் டேவிஸை நீக்கச் சொன்னார்கள். ஸ்வார்ஸநெகருக்கு 42 லட்சம் ஓட்டு. டேவிஸ் இருக்கட்டும் என்றவர்கள் சுமார் 40 லட்சம். வந்தவர் போனவரைவிட அதிகம் வாங்கியதால் யாரும் கேள்வி கேட்க முடியவில்லை. 1921இல் வடக்கு டகோட்டாவில் லின் ஃப்ரேசியர் இறக்கப்பட்ட பிறகு, ரீகாலில் பதவி இழந்த இரண்டாவது கவர்னர் டேவிஸ். இன்று வரை இந்த இருவர்தான். (ஃப்ரேசியர் மறு வருடமே செனட் உறுப்பினராக ஜெயித்தார். மக்களின் கோபம் நிரந்தரமில்லை.)

2021இல்தான் ஆபத்து முகத்துக்கு நேரே வந்து நின்றது. 46 பேர் போட்டி. ‘இல்லை’ என்று மட்டும் போட்டுவிட்டு இரண்டாவது கேள்வியைக் காலியாக விடுங்கள் என்று நியூசம் தரப்பே சொன்னது. பல லட்சம் பேர் அப்படியே விட்டார்கள். பட்டியலில் முதலிடம் வந்த வானொலித் தொகுப்பாளர் லேரி எல்டருக்குச் சுமார் 35 லட்சம் ஓட்டு. நியூசமை நீக்க வேண்டாம் என்றவர்கள் ஏறத்தாழ 79 லட்சம். கடைசியில் 62 சதவீதத்தோடு நியூசம் நிலைத்தார். ஆனால் முதல் கேள்வியில் முள் பாதியைத் தாண்டி மயிரிழை அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால், 35 லட்சம் பேரின் ஆள் கலிபோர்னியாவை ஆண்டிருப்பார். எல்டரை எனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது இங்கே கேள்வியே இல்லை. எந்தக் கட்சிக்காரர் இப்படி வந்தாலும் அது பிழையான கணக்கு. அந்தத் தேர்தலுக்கு ஆன செலவு சுமார் 20 கோடி டாலர்.

ஆட்டத்தின் நடுவில் விதி மாறினால்

ஜாஷ் நியூமன் கதையை நிதானமாகச் சொல்ல வேண்டும். ஃபுல்லர்டன் நகரைச் சேர்ந்த இவர் 2016இல் மிகக் குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்துக் கலிபோர்னியா மாநில செனட்டுக்கு வந்தவர். ஜனநாயகக் கட்சி. 2017 ஏப்ரலில் சாலை பராமரிப்புக்காகப் பெட்ரோல் மீது காலனுக்கு 12 சென்ட் வரியை உயர்த்தும் சட்டம் வந்தது. அது நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 40 பேர் உள்ள செனட்டில் 27 ஓட்டு. சரியாக 27 கிடைத்தது. அந்த 27இல் ஒன்று நியூமனுடையது. எதிர்க்கட்சிக்கு இலக்கு கிடைத்துவிட்டது. இந்த ஒருவரைத் தட்டிவிட்டால் ஆளும் கட்சியின் மூன்றில் இரண்டு பலமும் போய்விடும்.

தேவை 63,593 கையெழுத்து. அதைவிட அதிகமாகவே திரட்டிவிட்டார்கள். பெட்ரோல் வரியை ரத்து செய்யும் மனு என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள், இது ரீகால் என்று பலருக்குத் தெரியாது என்று நியூமன் தரப்பு புகார் சொன்னது. 2017 ஜூனில், மனு அதிகாரிகள் கையில் இருக்கும்போதே, சட்டமன்றம் பட்ஜெட்டோடு சேர்த்து ஒரு சட்டத்தைத் தள்ளிவிட்டது. கையெழுத்துப் போட்டவர்கள் மனம் மாறினால் திரும்பப் பெற 30 வேலை நாள். பிறகு தேர்தல் செலவைக் கணக்கிட நிதித்துறைக்கு 30 வேலை நாள். அதன் பிறகு அந்தக் கணக்கைப் பார்க்கச் சட்டமன்றக் குழுவுக்கு 30 நாள். எல்லாம் முடிந்த பிறகுதான் மனு செல்லும் என்று சான்றளிக்க முடியும். இது ஏற்கெனவே தாக்கலான மனுவுக்கும் பொருந்தும் என்றும் எழுதினார்கள்.

பட்ஜெட்டில் சம்பந்தமில்லாததைச் செருகலாமா என்று வழக்கு. நீதிமன்றம் ஆகஸ்டில் தடை போட்டது. சில நாட்களிலேயே அதையே இன்னொரு சட்டமாக மறுபடி நிறைவேற்றினார்கள். 2017 இறுதிக்குள் வந்திருக்க வேண்டிய தேர்தல், 2018 ஜூன் 5 பொது முதல்கட்டத் தேர்தலோடு சேர்ந்தது. கூட்டம் அதிகமாக வரும், நியூமன் தப்புவார் என்பது கணக்கு. தப்பவில்லை. 58 சதவீதம் பேர் நீக்கச் சொன்னார்கள். அந்த இடத்துக்கு வந்த லிங் லிங் சாங் வாங்கியது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நியூமன் இருக்கட்டும் என்றவர்கள் அதைவிட அதிகம், 42 சதவீதம். 2020இல் நியூமன் அதே சாங்கைத் தோற்கடித்துத் திரும்ப வந்தார்.

கையெழுத்தைத் திரும்பப் பெற அவகாசம் தருவது நல்ல விதி என்றே நினைக்கிறேன். கடை வாசலில் அவசரத்தில் போட்ட கையெழுத்துக்கு ஒரு மறுயோசனை இருக்கட்டும். செலவைக் கணக்கிட்டு மக்களுக்குச் சொல்வதும் நியாயம்தான். தவறு விதியில் இல்லை. ஒருவரைக் காப்பாற்ற, ஓடிக்கொண்டிருக்கும் ஓட்டத்தில் கோட்டைத் தள்ளி வைத்ததில் இருக்கிறது.

நான்கு வருடம் கழித்து நடந்ததைப் பாருங்கள். 2021இல் நியூசமுக்கு எதிரான மனு தேறிவிட்டது. இப்போது ஆளும் கட்சிக்குத் தேர்தல் சீக்கிரம் வர வேண்டும்; தடுப்பூசி பரவி, கடைகள் திறந்து, கவர்னரின் செல்வாக்கு ஏறியிருந்த நேரம். தாமதத்துக்காகத் தாங்களே வைத்த அந்த 30 நாள் சட்டமன்றக் குழுப் பரிசீலனையை, பணம் ஒதுக்கியாகிவிட்டது என்று சொல்லித் தவிர்க்க 2021 ஜூனில் ஒரு சட்டம் போட்டார்கள். தேர்தல் செப்டம்பர் 14க்கு வந்தது. 2017இல் தள்ளிப்போட ஒரு சட்டம், 2021இல் முன்னால் இழுக்க ஒரு சட்டம்.

விதி மாற்றியவரையே விதி கடிப்பதும் உண்டு. ரீகால் சீட்டில் பதவியில் இருப்பவரின் கட்சிப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்று 2019இல் ஒரு சட்டத்தில் நியூசம்தான் கையெழுத்திட்டார். 2020இல் அவருடைய வழக்கறிஞர் அதற்கான படிவத்தைச் சரியாகப் பூர்த்தி செய்யாமல் விட்டுவிட்டார். நீதிமன்றமும் இனி சேர்க்க முடியாது என்றது. 2021 சீட்டில் நியூசம் பெயருக்குப் பக்கத்தில் கட்சி இல்லை.

இது ஒரு கட்சியின் நோய் என்று எண்ணிவிடாதீர்கள். மிச்சிகனில் அப்போது குடியரசுக் கட்சி ஆட்சி. 2011 நவம்பரில் அந்தக் கட்சியின் பால் ஸ்காட் என்ற சட்டமன்ற உறுப்பினர் ரீகாலில் இறக்கப்பட்டார்; 1983க்குப் பிறகு அந்த மாநிலத்தில் சட்டமன்றத்தைச் சேர்ந்த ஒருவர் இப்படி இறங்கியது அதுவே முதல் முறை. 2012 டிசம்பரில் விதிகள் இறுகின. கையெழுத்துக்கான 90 நாள் 60 நாளானது. பதவிக்காலத்தின் ஆரம்பத்திலும் முடிவிலும் ரீகால் கூடாது என்றார்கள். மனுவில் எழுதும் காரணம் தெளிவாக மட்டுமல்ல, உண்மையானதாகவும் இருக்கிறதா என்று முன்கூட்டியே ஒரு வாரியம் பார்க்கும். அப்போதைய கவர்னர் ரிக் ஸ்னைடர் இதில் கையெழுத்திட்டார். அவர் மீதும் ரீகால் முயற்சிகள் நடந்தவைதான். ஆனால் அதே சட்டத்தில் நான் வரவேற்கும் ஒன்றும் இருக்கிறது. கவர்னர் தவிர்த்த பல பதவிகளில் ஆம்–இல்லை கேள்வியை எடுத்துவிட்டு, பதவியில் இருப்பவரையும் எதிராளியையும் நேருக்கு நேர் நிறுத்துகிறார்கள். யாருக்கு அதிகமோ அவர். என் நூறு பேர் தெருவில் நடந்த அநியாயம் அங்கே நடக்காது.

இலினாயில் போட்ட விதி இன்னொரு வகை. அங்கே கவர்னராக இருந்த ராட் பிளாகோயவிச் ஊழல் வழக்கில் சிக்கிப் பதவி நீக்கப்பட்ட பிறகு, 2010இல் மக்கள் கவர்னருக்கு மட்டும் ரீகாலை ஏற்றார்கள். ஆனால் மக்கள் மேஜை போடும் முன்பே 20 கீழவை உறுப்பினர்களும் 10 செனட் உறுப்பினர்களும் ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டும். அவர்களிலும் பாதிக்கு மேல் ஒரே கட்சியாக இருக்கக் கூடாது. கதவு இருக்கிறது, சாவி அரசியல்வாதிகள் கையில்.

இப்போது கலிபோர்னியாவில்

2022இல் சான் பிரான்சிஸ்கோவில் பிப்ரவரியில் பள்ளி வாரிய உறுப்பினர்கள் மூவரும், ஜூனில் மாவட்ட அரசு வழக்கறிஞர் சேசா பூடினும் ரீகாலில் இறங்கினார்கள். அந்த வருடமே உள்ளூர்ப் பதவிகளுக்கான சட்டம் மாறியது. சீட்டில் இனி ஒரே கேள்வி, நீக்கலாமா வேண்டாமா. காலியாகும் இடத்தை வழக்கமான காலியிட விதிப்படி நிரப்ப வேண்டும்.

மாநிலப் பதவிகளுக்கு அப்படிச் சட்டம் மட்டும் போட்டு மாற்ற முடியாது. 1911இல் மக்கள் ஓட்டால் அரசியல் சாசனத்தில் ஏறியது, மக்கள் ஓட்டால்தான் இறங்க வேண்டும். ரீகால் சீட்டில் இரண்டாவது கேள்வியை எடுத்துவிடும் திருத்தத்தைச் சட்டமன்றம் 2024இல் நிறைவேற்றி, 2026 நவம்பர் வாக்குச்சீட்டுக்கு அனுப்பியது. திருத்தத்தைக் கொண்டுவந்தவர் ஜாஷ் நியூமன். மூன்றில் ஒரு பங்கு ஓட்டில் வந்தவரிடம் நாற்காலியை இழந்தவருக்கு அந்த வலி தெரியும். இதில் நான் மதிப்பது, யாரைக் காப்பாற்றவும் இல்லாமல், முடிவை மக்களிடமே விட்டிருப்பது. மாறுகிற விதி இனி வரப்போகும் எவருக்கோ பொருந்தும்; அவர் எந்தக் கட்சி என்று யாருக்கும் தெரியாது. எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. கவர்னர் போனால் பெரும்பாலும் அதே கட்சியின் துணை கவர்னர் வருவார், அப்புறம் இறக்கி என்ன பயன் என்கிறார்கள்.

இதைப் படிப்பவர்களில் ஃப்ரீமாண்டிலோ சான் ஹோசேயிலோ ஓட்டுரிமை வாங்கிவிட்டவர்கள் இருப்பீர்கள். அடுத்த முறை கடை வாசலில் அட்டை நீளும்போது, பேசுகிறவரின் வாயைப் பார்க்காமல் தாளின் தலைப்பைப் பாருங்கள். யாரை நீக்கக் கேட்கிறார்கள் என்ற பெயர் அதில் இருக்கும். மனுதாரரின் 200 சொல் காரணமும், பதவியில் இருப்பவர் பதில் தந்திருந்தால் அதுவும் அச்சாகியிருக்கும். இரண்டையும் படிக்க மூன்று நிமிடம் ஆகாது, அவர் காத்திருப்பார். வாக்காளராகப் பதிவு செய்த முகவரியையே எழுதுங்கள். வீடு மாறிப் பழைய முகவரியிலேயே பதிவு இருந்தால் அந்தக் கையெழுத்து செல்லாமல் போகும். உங்கள் வீட்டுக்காரருக்காகவும் சேர்த்து நீங்களே போடக் கூடாது; அவரவர் கையெழுத்து அவரவர் போட வேண்டும். போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மனம் கேட்கவில்லை என்றால், உங்கள் கவுண்டி தேர்தல் அலுவலகத்துக்கு எழுதித் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.